சிவப்புப் பொட்டு வைத்த கரியர்

யாரோ ஒரு புண்ணியவான் எங்கள் பழைய நிகழ்ச்சிகளை எல்லாம் இணையத்தில் ஏற்றிவிட்டான். கீழே கருத்துகள் குவிகின்றன. 'என்ன மூளை இந்த அன்ரிக்கு!' 'இப்பிடி ஒரு ஆளை இனிக் காண ஏலாது.' 'இவவின்ர சிரிப்புக்காகவே நாங்கள் குடும்பமா இருந்து பாத்தனாங்கள்.' எல்லாம் உண்மைதான். ஆனால் கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சரித்து, "முதல்ல சொல்லுங்கோ, ஊரில எவடம்?" என்று அன்ரி கேட்கும் இடம் வந்ததும் நான் சத்தத்தைக் குறைத்துவிடுகிறேன். மகள் பக்கத்தில் இருந்தால் திரையையே மூடிவிடுகிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நிகழ்ச்சியின் பெயர் 'ஓமோ இல்லையோ'. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஸ்காபரோவில் கீழே ரயர் மாற்றும் கராஜும் மேலே எங்கள் தமிழ்த் தொலைக்காட்சியும் இருந்த ஒரு கட்டடத்தில் சனிக்கிழமைகளில் பதிவு செய்வோம். கீழே நட்டுக் கழற்றும் மெஷின் அலறினால் மேலே எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்போம். "அவன் பாவம், கழட்டி முடிக்கட்டும்" என்பார் அன்ரி.

நிகழ்ச்சியை நடத்திய சிவா அண்ணை கறுப்பு வெள்ளைக் காலத்து அமெரிக்க நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்துவிட்டு அதை அப்படியே எங்கள் சனத்துக்குக் கொண்டுவந்திருந்தார். விசித்திரமான வேலை செய்கிற ஒருவர் விருந்தினராக வந்து உட்காருவார். எதிரே மூன்று பேர் கேள்வி கேட்டு அவருடைய வேலையைக் கண்டுபிடிக்க வேண்டும். விருந்தினர் ஓம் அல்லது இல்லை மட்டும்தான் சொல்லலாம். பத்து முறை 'இல்லை' வந்தால் விருந்தினருக்கு வெற்றி. அமெரிக்காவில் பெரிய நட்சத்திரம் வந்தால்தான் கேள்வி கேட்பவர்களின் கண்ணைக் கட்டுவார்களாம். நாங்கள் எந்த விருந்தினர் வந்தாலும் கட்டினோம். இல்லாவிட்டால், எங்கள் சனத்தில் முகத்தைப் பார்த்த உடனேயே 'இவர் இன்னாற்ற மருமகன், இன்ன இடத்தில வேலை' என்று சொல்லிவிடுவார்கள். நிகழ்ச்சி இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

விருந்தினரைப் பிடித்துக் கொண்டுவருவது என் வேலை. கிழமை நாட்களில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருந்தேன். மிச்ச நேரமெல்லாம் கல்யாண வீடு, கோயில், பஸ் என்று போகிற இடமெல்லாம் "உங்களுக்குத் தெரிஞ்ச ஆரும் வித்தியாசமா ஏதும் வேலை செய்யினமோ?" என்று விசாரித்துக்கொண்டு திரிந்தேன். எங்கள் சனம் எல்லாம் எக்கவுண்டன்ற், நேர்ஸ், ரக் ஓட்டம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தேடினால் என்னென்ன வெளியே வந்தது! விமான நிலையத்தில் யாரும் உரிமை கோராத பெட்டிகளைத் திறந்து பார்க்கிறவர். குடிதண்ணீரை நாள் முழுக்க மணந்து பார்த்துப் புள்ளி போடுகிற பெண். நத்தாருக்குக் கடைத்தொகுதியில் கிறிஸ்மஸ் தாத்தாவாகச் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு உட்காருகிற ஒருவர்.

கேள்வி கேட்கும் மூவரில் இரண்டு பேர் கிழமைக்குக் கிழமை மாறுவார்கள். அன்ரி மாறமாட்டார். அஜின்கோர்ட்டில் இருந்தார். கணவர் காலமாகி, பிள்ளைகள் கல்யாணம் செய்து போன பிறகு தனி ஆள். என் அம்மாவின் சிநேகிதி. குள்ளமான உருவம், நூல் சேலை, அதற்குக் கீழே பனிச் சப்பாத்து. ஸ்டூடியோ வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு தடித்த காலுறையோடு உள்ளே நடந்து வருவார். கமராவில் கால் தெரியாது என்பது அவருடைய நம்பிக்கை. அது எல்லாக் காட்சியிலும் தெரிகிறது.

அன்ரியைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் பாத்திரக் கதைதான் சொல்வார்கள். அவருடைய ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு இருக்கும். சட்டி, மூடி, பீங்கான் தட்டு, கரண்டி எதுவும் தப்பாது. ஊரெல்லாம் சாப்பாடு கொடுத்துவிட்டு, அந்தப் பாத்திரம் திரும்பி வரும்வரை ஆளுக்கு நித்திரை வராது. ஒரு மாரியில் அம்மாவுக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை செய்தபோது அன்ரி பனியில் காரை ஓட்டிக்கொண்டு வந்து எங்களுக்கு அடுக்குப் பாத்திரத்தில் சாப்பாடு தந்தார். மூன்றடுக்குக் கரியர். கீழே சோறு, நடுவில் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும், மேலே பொரியல். மறுநாளே தொலைபேசி வரும்.

"பிள்ளை, என்ர கரியர்?"

"கழுவி வச்சிருக்கிறன் அன்ரி. பின்னேரம் கொண்டு வாறன்."

"மேல் மூடி இருக்கோ?"

"இருக்கு அன்ரி."

"பொட்டைப் பாத்தனியோ? ஆற்றையும் மூடியை மாறிக் கொண்டு வந்திடாதை."

'பாஸ்போட்டைத் துலைச்சாலும் துலைக்கலாம், அன்ரியின்ர மூடியைத் துலைக்கேலாது' என்று சிவா அண்ணை பகிடி விடுவார். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று அம்மா அதற்குள் ஏதாவது வைத்து அனுப்புவார். கொஞ்சம் சீனி, இல்லாவிட்டால் ஒரு குலை முந்திரிகைப் பழம். அன்ரி அதை எடுத்துக்கொண்டு அடுத்த நாள் கரியரை நிரப்பி அனுப்புவார். அந்தக் குளிர்காலம் முழுவதும் கரியர் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் போய் வந்துகொண்டிருந்தது. அப்பா இல்லாத எங்களுக்கு இந்த ஊரில் சொந்தம் என்று ஒன்று இருந்தது என்றால் அது அந்தக் கரியர்தான்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். 'ஊரில எவடம்?' என்பதற்கு ஓம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது. சட்டப்படி அது செல்லாத கேள்வி. ஆனால் முதல் நாளே அன்ரி அதைக் கேட்டுவிட்டார், பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கை தட்டிவிட்டார்கள், சிவா அண்ணையும் விட்டுவிட்டார். பிறகு அதுவே நிகழ்ச்சியின் முத்திரையாகிவிட்டது. விருந்தினருக்கும் சந்தோசம், தங்கள் ஊர்ப் பெயர் தொலைக்காட்சியில் வருகிறதே. ஊரைச் சொன்னதும் அன்ரி விடமாட்டார். "கோயிலுக்கு வடக்காலையோ, தெற்காலையோ?" "அந்த ஆலடி ஒழுங்கையோ, பள்ளிக்கூடத்தடி ஒழுங்கையோ?" தான் காலே வைத்திராத ஊர்களின் தெருக்களும் சின்னச் சின்ன ஒழுங்கைகளும் அவருக்குத் தெரியும். விருந்தினர் பதில் சொன்னதும் அன்ரி "ம்ம்" என்பார். அவ்வளவுதான். பிறகு ஒழுங்காக விளையாட்டைத் தொடங்குவார்.

விளையாட்டில் அவர் பெரிய ஆள், அதை மறைக்க எனக்கு மனமில்லை. நத்தார்த் தாத்தாவை அவர் பிடித்த விதத்தை இன்றைக்கும் சனம் திரும்பத் திரும்பப் பார்க்கிறது.

"வருசம் முழுக்கச் செய்யிற வேலையோ?"

"இல்லை."

"உங்களைக் கண்டு சின்னப் பிள்ளையள் அழுவினமோ?"

"ஓம்."

"அழுதாலும் தாய் தேப்பன் விடாமல் உங்கட மடியில இருத்துவினமோ?"

அந்த மனிதர் பதில் சொல்லுமுன்பே எல்லோரும் சிரித்துவிட்டார்கள். முடிவில் அன்ரி கண்கட்டை அவிழ்த்துவிட்டு அவரைப் பார்த்தார். ஒல்லியான ஆள். "ஐயோ தம்பி, நீங்கள் தலகணி வச்சுக் கட்டித்தான் இருப்பீங்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கட வீட்டை வாங்கோ, சாப்பாடு போட்டு உண்மையான தொந்தி வைக்கப் பண்ணிறன்" என்றார். அவர் போனார், மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த நத்தாருக்கு அதே சிவப்புச் சட்டையோடு அன்ரி வீட்டு வாசலில் போய் நின்றார்.

எந்த விருந்தினரும் அன்ரியின் சாப்பாடு இல்லாமல் போனதில்லை. சிலரை வீட்டுக்குக் கூப்பிடுவார். சிலருக்கு, கிழமை நடுவில் என்னைக் கூப்பிட்டு, கடைகளில் தருகிற, சாப்பிட்டுவிட்டு எறிகிற வெள்ளைப் பிளாஸ்ரிக் பெட்டியில் சோறும் கறியும் கட்டித் தருவார். "அந்தப் பிள்ளை வேலைக்கு ஓடித் திரியிற ஆள். இதை ஒருக்காக் குடுத்துவிடு." நானும் காரில் கொண்டுபோய்க் கொடுப்பேன். எவ்வளவு நல்ல மனம் என்று நினைத்துக்கொண்டுதான் கொடுத்தேன்.

ஒரு கிழமை ரெக்ஸ்டேலில் இருந்து ஓர் அக்காவைக் கொண்டுவந்தேன். வைத்தியம் படிக்கிற மாணவர்களுக்கு முன்னால் நோயாளிபோல நடிப்பது அவருடைய வேலை. காலையில் நெஞ்சு வலி, மதியம் மனச்சோர்வு, பின்னேரம் வயிற்றுக் குத்து. அன்ரி வழக்கம்போல் ஊர் கேட்டார், ஒழுங்கை கேட்டார், "ம்ம்" என்றார். பிறகு "உங்களுக்கு வேலை நேரத்தில நோகுமோ?" என்று கேட்டார். "ஓம்." "உண்மையா நோகுமோ?" "இல்லை." அன்ரி கையைத் தட்டி, "பொய் வருத்தம்! வருத்தக்காரி மாதிரி நடிக்கிறது!" என்று கத்தினார். கீழே கராஜில் இருந்தவர்கள்கூட என்ன சத்தம் என்று மேலே ஏறி வந்தார்கள்.

அடுத்த கிழமை அந்த அக்காவின் வீட்டுக்குப் பெட்டியோடு போனேன். கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியைத்தான் பார்த்தார், பார்த்துச் சிரித்தார்.

"எனக்குப் பெட்டி எண்டு அண்டைக்கே தெரியும், தங்கச்சி."

"விளங்கேல்லை அக்கா."

"ஒழுங்கை கேட்டவ. நான் சொன்னன். 'ம்ம்' எண்டவ. அந்த 'ம்ம்' எனக்குச் சின்ன வயசில இருந்து பழக்கம். அதுக்குப் பிறகு வீட்டை கூப்பிடமாட்டினம்."

அக்கா கோபப்படவில்லை. பெட்டியைத் திறந்து மணந்து பார்த்தார். "சாப்பாடு திறமாத்தான் இருக்கும். குறை சொல்லேலாது. வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

"இல்லை அக்கா, எனக்கு நேரம்..." என்று தொடங்கினேன். உண்மையிலேயே எனக்கு நேரமில்லை. ஆனால் என் குரல், அந்த வீட்டில் வாய் நனைக்க விரும்பாதவர்களின் குரல்போல எனக்கே கேட்டுவிட்டது. சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனேன். தேநீர் கொதிக்கக் கொதிக்க இருந்தது. நாக்குச் சுட்டது. முழுவதையும் குடித்தேன். நான் குடிப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்ப்பதை நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும் வழி முழுவதும் விருந்தினர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். யார் யார் அன்ரி வீட்டுக்குப் போனார்கள், யார் யாருக்குப் பெட்டி போனது. ஊரும் ஒழுங்கையும் சரியாகப் பொருந்தின. கண்ணைக் கட்டிக்கொண்டு அன்ரி இரண்டு விளையாட்டு விளையாடியிருக்கிறார். ஒன்றில் வேலையைக் கண்டுபிடித்தார், மற்றதில் சாதியை. முதலாவதை நாங்கள் ஒளிபரப்பினோம், இரண்டாவதற்கு நான் சாப்பாட்டுப் பெட்டி சுமந்தேன். அந்த ஊர்களின் பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் வாசிப்பதை விட்டுவிட்டு யார் எந்தச் சாதி என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள்.

அன்ரியிடம் கேட்டேன். அவர் குசினியில் தேங்காய் பிழிந்துகொண்டிருந்தார்.

"அன்ரி, அந்த அக்காவை ஏன் வீட்டை கூப்பிடேல்லை?"

"ஏன், சாப்பாடு குடுத்துவிட்டனான் தானே."

"வீட்டை கூப்பிட்டிருக்கலாம்."

"அதுகளுக்கும் சங்கடம் பிள்ளை. வந்து ஒதுங்கி ஒதுங்கி இருக்குங்கள். எனக்கும் ஒரு மாதிரி." பிழிந்த தேங்காய்ப்பூவை உதறிப் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் ஆரையும் பசியோட அனுப்பினனானோ? சொல்லு பாப்பம்."

அவர் யாரையும் பசியோடு அனுப்பவில்லை. என்னையே எத்தனை நாள் பசியாற்றியிருக்கிறார். எனக்கு அவரில் கோபம் வரவேண்டும், வந்தது, ஆனால் அவர் தட்டில் வைத்துத் தந்த இடியப்பத்தைச் சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

கஜனை நான் கண்டது இந்தக் காலத்தில்தான். அவனையும் விருந்தினராகத்தான் தேடிப் போனேன். பிறம்ரனில் இருந்தான். விமான நிலையத்தில் பருந்து வைத்திருக்கிறவன். ஓடுபாதையில் இறங்கும் கடற்பறவைகளையும் வாத்துகளையும் அந்தப் பருந்தைப் பறக்கவிட்டுக் கலைப்பது அவன் வேலை. முதல் நாள் நான் அவனுடைய வண்டியில் ஏறியபோது பின்னால் அது இருந்தது, கண்ணை மூடுகிற சின்னத் தோல் தொப்பியோடு. "தொப்பி போட்டா அமைதியா இருக்கும், இல்லாட்டி உங்களைப் பாத்துப் பயப்பிடும்" என்றான். மூன்றாவது முறை போனபோது நான் நிகழ்ச்சிக்காகப் போகவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். பெடியன் நல்லவனா, வேலை நிரந்தரமா, ஆட்களுக்கு மேலே பாயாதா அந்தப் பருந்து என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் சொன்னார், "எதுக்கும் அன்ரி ஒருக்கா ஆளைப் பாக்கட்டும். அவ ஓம் எண்டா நான் ஓம்."

அன்ரி பார்ப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். கஜன் தன் ஊரையும் ஒழுங்கையும் ஏற்கெனவே எனக்குச் சொல்லியிருந்தான். அன்ரி கேட்டால் ரெக்ஸ்டேல் அக்காவுக்குச் சொன்ன அதே 'ம்ம்'தான். அன்ரி 'இல்லை' என்றால் அம்மாவும் 'இல்லை'. அம்மா 'இல்லை' என்றால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது.

"நான் ஷோவுக்கு வாறன்," என்றான் கஜன். "எப்பிடியும் கேக்கத்தானே போறா. எல்லாருக்கும் முன்னால கேக்கட்டும்."

பதிவு நாளில் அம்மாவும் வந்து பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கஜன் யாரென்று அன்ரிக்குத் தெரியாது. கண்ணைக் கட்டிக்கொண்டு தலையைச் சரித்தார்.

"முதல்ல சொல்லுங்கோ, ஊரில எவடம்?"

"பிறம்ரன்."

சனம் சிரித்தது. அன்ரியும் சிரித்தார். "அதில்லைத் தம்பி. அதுக்கு முதல்?"

"மிசிசாகா." பிறகு கஜன் சிவா அண்ணையைப் பார்த்தான். "அண்ணை, ரூல்ஸ் படி ஓம், இல்லை மட்டும்தானே?"

சிவா அண்ணைக்கு முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது. "ஓம் தம்பி. ரூல்ஸ் ரூல்ஸ்தான். அன்ரி, நீங்கள் நேரா விளையாட்டுக்கு வாங்கோ."

விருந்தினரின் ஊர் தெரியாமல் விளையாடிய அந்த ஒரு நாளில்தான் அன்ரி எல்லா நாளையும்விட நன்றாக விளையாடினார்.

"வெளியில நிண்டு செய்யிற வேலையோ?"

"ஓம்."

"தனியச் செய்வீங்களோ?"

"இல்லை."

"உங்களோட நிக்கிற ஆளுக்குச் சம்பளம் உண்டோ?"

"இல்லை."

"அப்ப சாப்பாடு மட்டுமோ?"

"ஓம்."

"மரக்கறியோ?"

"இல்லை."

"நாயோ?"

"இல்லை."

அன்ரியின் தலை இன்னும் சரிந்தது. கீழே மெஷின் சத்தம் நின்றது. "பறக்கிற ஆளோ?" என்று மெதுவாகக் கேட்டார். "ஓம்" என்று கஜன் சொன்னதும் எழும்பியே விட்டார். "பிராந்து! பிளேன் இறங்கிற இடத்தில குருவி கலைக்கிற பிராந்து!"

கண்கட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு வந்து அவனுடைய இரண்டு கையையும் பிடித்தார். கையில் நகக் கீறல்களைத் தடவிப் பார்த்தார். "கெட்டிக்காரப் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை வீட்டை வாங்கோ. பிள்ளை, நீயும் அம்மாவும் வாங்கோ." அம்மா பின் வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கால் நிலத்தில் இல்லை. இவ்வளவு சுலபமா என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். அன்ரி நீலக் கரை போட்ட நல்ல பீங்கான் தட்டுகளை வெளியே எடுத்திருந்தார். பெரிய விசேடத்துக்குத்தான் அவை வெளியே வரும். அம்மா எங்கள் விசயத்தைச் சொன்னார். அன்ரி "எனக்கு அண்டைக்கே ஒரு சந்தேகம் இருந்தது, இவள் அண்டைக்கு விரல் நகம் கடிச்சுக்கொண்டு நிண்டவள்" என்று என் கன்னத்தைக் கிள்ளினார். கஜனுக்கு இரண்டாம் முறை சோறு போடும்போது, கமரா இல்லாத இடத்தில், சாதாரணமாகக் கேட்டார்.

"அப்பாவின்ர ஊர் எவடம், தம்பி?"

கஜன் சொன்னான். ஒழுங்கையை அவர் கேட்கும்வரை காத்திருக்கவில்லை. "எங்கட வீடு அந்த ஒழுங்கையில கடைசி வீடு, அன்ரி. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"ம்ம்," என்றார் அன்ரி. அகப்பை நிற்கவில்லை. சோற்றைப் போட்டு, அதற்கு மேலே குழம்பை விட்டு, "சொதி விடட்டே?" என்று கேட்டார். அம்மா தன் தட்டில் இருந்த அப்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கஜன் எல்லாவற்றையும் ருசித்துச் சாப்பிட்டான். அன்ரி அன்றைக்கு வழக்கத்தைவிட அதிகமாகப் பரிமாறினார்.

வெளிக்கிடும்போது அன்ரி குசினிக்குள் போய் கஜன் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி, துடைத்து, அதில் மிச்சப் பொரியலையும் கறியையும் வைத்து அலுமினியத் தாளால் மூடிக்கொண்டு வந்தார். அவன் கையில் கொடுத்தார்.

"பீங்கானைத் திருப்பித் தர வேண்டாம், தம்பி. வச்சிருங்கோ."

ஒரு மூடிக்காகப் பனியில் தொலைபேசி எடுக்கிற அன்ரி. நான் வாசலில் ஒரு சப்பாத்தோடு அப்படியே நின்றேன். கஜன் "தாங்க்ஸ் அன்ரி" என்று சொல்லி இரண்டு கையாலும் வாங்கினான். காரில் ஏறியதும் தட்டை உயர்த்தி அடியில் இருந்த சிவப்புப் பொட்டைப் பார்த்தான். "நல்ல பீங்கான்," என்றான். அவன் சிரித்த சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

ஆனால் அம்மா பின் இருக்கையில் இருந்து சொன்னார், "பாத்தியோ? தன்ர பீங்கான் செற்றை உடைச்செல்லோ குடுத்தவ. அவவுக்குப் பெடியனை அவ்வளவு பிடிச்சிட்டுது." அடுத்த கிழமை முழுக்க எங்கள் சொந்தக்காரர் எல்லாருக்கும் தொலைபேசி எடுத்துப் பீங்கான் கதையைத்தான் சொன்னார். அன்ரியே தன் நல்ல தட்டைக் கொடுத்துவிட்டா என்றால் வேறு யார் என்ன சொல்ல முடியும்? அந்தத் தட்டில்தான் எங்கள் கல்யாணம் நடந்தது. அம்மாவுக்கு உண்மையிலேயே விளங்கவில்லையா, விளங்காத மாதிரி நடந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு முறை கேட்டேன். "எனக்கென்ன தெரியும்? பீங்கான் குடுத்தவ. அவ்வளவுதான்" என்று தொலைக்காட்சியைப் பார்த்தபடி சொன்னார்.

கல்யாணத்துக்கு அன்ரி வந்தார். அட்சதை போட்டார், என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். சாப்பாட்டுப் பந்தி தொடங்குமுன்பே, பிரஷர் மாத்திரை போடவேண்டும் என்று வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார்.

மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தவரும் அன்ரிதான். கையில் அந்தப் பழைய மூன்றடுக்குக் கரியர். பிள்ளை பெற்றவளுக்கான சரக்கு அரைத்து வைத்த மீன் குழம்பின் மணம் நடைபாதை முழுக்க வந்தது. நேர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். "வாயைத் திற பிள்ளை, கையில ஊசி குத்தியிருக்கு, நீ எப்பிடிச் சாப்பிடுவாய்" என்று குழைத்து ஊட்டினார். குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அதன் நெற்றியை, மூக்கை, காதை எல்லாம் நெடுநேரம் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்க ஒன்றும் இருக்கவுமில்லை.

அவர் எழும்பியபோது பழக்கத்தில் சொன்னேன், "கரியரைக் கழுவி அம்மாட்டைக் குடுத்து விடுறன், அன்ரி."

"பிறகு பாப்பம்," என்றார்.

பிள்ளை பிறந்த துடக்கு வீட்டில் இருந்து சாமான் போகக்கூடாது, அதனால்தான் அப்படிச் சொன்னா என்று அம்மா சொன்னார். நானும் நம்பினேன். நம்ப ஆசைப்பட்டேன். முப்பத்தொன்றாம் நாள் தீட்டுக் கழிந்ததும் கரியரைத் தேய்த்துக் கழுவி, கீழ் அடுக்கில் சீனியும் மேல் அடுக்கில் முந்திரிகையும் வைத்து, குழந்தையையும் தூக்கிக்கொண்டு அஜின்கோர்ட்டுக்குப் போனேன். அன்ரி கதவைத் திறந்தார். குழந்தையை வாங்கிக் கொஞ்சினார். நான் கரியரை நீட்டினேன். குழந்தையை என் தோளில் திருப்பிப் போட்டுவிட்டு, என் கையைக் கரியரோடு சேர்த்து மெதுவாக என் பக்கம் தள்ளினார்.

"அதை நீயே வச்சிரு, பிள்ளை. திருப்பித் தர வேண்டாம்."

"சீனி வச்சிருக்கிறன் அன்ரி."

"எனக்குச் சீனி வருத்தம் எல்லே, டொக்டர் தொடக்கூடாதெண்டவர்," என்று சிரித்தார். எப்போதும் சிரிக்கிற அதே சிரிப்பு. "நேரத்துக்குச் சாப்பிடு. பிள்ளைக்குப் பால் குடுக்கிறனி."

காரில் ஏறி, கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். குழந்தையும் அழுதது. கஜனின் கையில் தட்டைக் கொடுத்த நாளில் எனக்குக் கோபம்தான் வந்தது, அழுகை வரவில்லை. ரெக்ஸ்டேல் அக்காவின் வாசலில் கூச்சம்தான் வந்தது. என் கரியர் என்றபோதுதான் எனக்கு அழுகை வந்தது. எனக்கு உண்மையான வெட்கம் அதுதான். அன்ரியைப் பற்றியது கொஞ்சம்தான்.

பிறகு ஒரு மாரியில் அன்ரி காலமானார். மண்டபம் கொள்ளாத சனம். நத்தார்த் தாத்தா விம்மி விம்மி அழுதார். ரெக்ஸ்டேல் அக்காவும் வந்திருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "அவ சமைச்சதைச் சாப்பிட்டனான் தானே," என்றார். "இது நடிப்பில்லை, தங்கச்சி." எனக்குத்தான் அழுகை வரவில்லை.

கரியர் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. கஜன் அதில்தான் வேலைக்குச் சாப்பாடு கொண்டு போகிறான். கேட்டால், நல்ல இறுக்கமான மூடி, கறி ஒழுகாது என்கிறான். அவனுக்கு அது வெறும் கரியர் ஆகிவிட்டது, அல்லது ஆகிவிட்டதாகக் காட்டிக்கொள்கிறான். பின்னேரம் அவன் கொண்டுவந்து வைத்ததும் நான் கழுவுகிறேன். கழுவி முடித்துக் கவிழ்க்கும்போது அடியில் அந்தப் பொட்டு, பாதி உரிந்துபோய், இன்னும் சிவப்பாகத் தெரியும். பழைய பழக்கத்தில், ஞாயிற்றுக்கிழமைக்குள் அன்ரியிடம் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே சீனிப் போத்தலை எடுக்கப் போகிறேன்.